காலில் வலி வந்த ஓட்டக்காரர் எந்த வழியில் போவது? ஓய்வு, உருவுதல், ஊசி, பிசியோ: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் காலை ஆறு மணி இருட்டிலேயே ஓடுகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆண்டிறுதிப் பினாங்கு பாலம் மாரத்தானுக்குப் பேர் கொடுத்தவர்கள், இனிப்பு நீரை (நீரிழிவை) கட்டுப்படுத்த நடக்க ஆரம்பித்து அப்படியே ஓட்டத்தில் இறங்கிவிட்டவர்கள் என்று பலவிதம். இவர்களில் ஒருவருக்குக் குதிகாலிலோ முழங்காலிலோ வலி வந்துவிட்டால் போதும், ஆளுக்கொரு யோசனை வந்து விழும். வீட்டில், "ஒரு மாசம் ஓடாம இரு" என்பார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப்போகத் தயாராக மோட்டாரை எடுத்து வைப்பார். கூட ஓடுகிறவர், "ஒரு ஊசி போட்டா ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பார். ஈப்போவில் வேலை செய்கிற தங்கச்சி பிசியோவின் (இயன்முறை மருத்துவரின்) போன் எண்ணை அனுப்புவாள்.

இந்த யோசனைகள் எல்லாமே அக்கறையில் வருபவை. ஆனால் எல்லாம் ஒரே பலனைத் தருவதில்லை. செலவு, அலைச்சல், எத்தனை வாரம், அதைவிட முக்கியமாகக் கால் திரும்பவும் ஓட்டத்தைத் தாங்கும் பலம் பெறுகிறதா என்று பார்த்து இவற்றை ஒப்பிட வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மூரில் ஓடுகிற பெரும்பாலோருக்கு ஏற்ற வழி, என்ன அடி என்று உறுதிசெய்துகொள்ள ஒருமுறை கிளினிக், அப்புறம் வீட்டுப் படியிலேயே செய்யும் பலப்பயிற்சி, கூடவே குறைத்துக்கொண்ட ஓட்டம். முழு ஓய்வு காசில்லாத வழியாகத் தெரியும். கடைசியில் அதிக விலை கேட்பது அதுதான்.

எலும்பா, இல்லையா?

இந்த ஒப்பீடெல்லாம் எலும்பில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான். அதனால் முதல் வேலை அதைப் பார்ப்பது.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மேலிருந்து கீழே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு வலி பரவலாக இருந்து, ஓடி உடல் சூடேறியதும் குறைந்தால், பெரும்பாலும் எலும்பை ஒட்டிய தசையும் சவ்வும்தான் எரிச்சல் கண்டிருக்கின்றன. ஐம்பது காசு அளவுள்ள ஓரிடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து, ஓட ஓட ஏறி, ராத்திரி படுத்த பிறகும் விண்விண்ணென்று இருந்தால் அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். அந்தக் காலில் ஓடக்கூடாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காகவும் ஓடக்கூடாது. இப்படிப்பட்ட விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம். தொடை இடுக்கில் ஆழமாக வலித்து, அந்தக் காலில் பாரம் போட்டாலே கூடுகிறது என்றால் இன்னும் கவனம் தேவை. இடுப்பு மூட்டில், தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டு, அதன்மேல் ஓடி முறித்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும்.

கணுக்கால் பிசகினால் எப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் ஒரு விதி வகுத்தார்கள். இன்றும் உலகமெங்கும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின் ஓரத்திலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா, சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் இருக்கும் எலும்பு மேட்டிலோ உட்பக்க வளைவின் மேலிருக்கும் எலும்பிலோ வலிக்கிறதா, அடிபட்ட உடனேயும் கிளினிக்கிலும் நான்கு எட்டு வைக்க முடியவில்லையா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

இரண்டு நிலைமைகளில் யோசிக்கவே நேரமில்லை. ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் குதிகாலுக்கு மேலே 'டப்'பென்று விட்டுப்போய், நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் குதிநரம்பு (கெண்டைத் தசையைக் குதியெலும்போடு பிணைக்கும் தசைநாண்) அறுந்திருக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கே மருத்துவமனை. வலிக்கும் இடத்தில் யாரையும் கை வைத்து உருவ விடாதீர்கள்.

முழு ஓய்வு

எலும்பு விரிசலுக்கு ஓய்வுதான் மருந்து. புதிதாகக் கிழிந்த தசைக்கும் முதல் சில நாள் ஓய்வு வேண்டும். ஆனால் நாள்பட்ட குதிநரம்பு வலி, குதிவாதம் (குதிகாலின் அடியில் வரும் வலி), முழங்கால் சிப்பியைச் சுற்றிய வலி ஆகிய மூன்றும் வெறும் ஓய்வில் குணமாவதில்லை, அடங்கிக் கிடக்கின்றன. ஒரு மாதம் உட்கார்ந்தால் வலி போய்விடும். தசையின் பலமும் கூடவே போய்விடும். பழைய தூரத்தை எடுத்ததும் அதே இடத்தில் வலி வரும். திரும்ப ஒரு மாதம் உட்கார்வார்கள். இந்தச் சுற்றில் வருடத்தைக் கழித்தவர்கள் எங்கள் ஓட்டக்கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

மூச்சுத்திறனும் இறங்கும். 1984-இல் அமெரிக்காவில் நன்கு பயிற்சி பெற்றவர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தார்கள். முதல் மூன்று வாரத்தில் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் சுமார் 7 விழுக்காடு குறைந்தது. 12 வாரத்தில் 16 விழுக்காடு. ஆக, ஓடக்கூடாத காலத்திலும் சைக்கிளாவது மிதிக்க வேண்டும்.

ஐஸ் பற்றியும் ஒன்று. ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், காலை உயர்த்தி வைத்தல் என்ற நால்வகை வைத்தியத்தை 1978-இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். முதல் நாள் வலி தாங்கவில்லை என்றால் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. வாரக்கணக்கில் வேண்டாம்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஓட்டத்தை நிறுத்திவிட்டேன், ஓய்வில்தான் இருக்கிறேன் என்று செம்பனை (எண்ணெய்ப்பனை) வெட்டுக்குப் போகிறவர் சொல்வார். ஒரு குலை இருபது கிலோ வரும். அதைச் சரிவில் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்கிப் பகல் முழுக்க நடக்கிறவருக்கு அது எப்படி ஓய்வாகும்? கூலி எடைக்கணக்கில் வருவதால் வேலையைக் குறைக்கவும் மனம் வராது. அப்படிப்பட்டவர் கிளினிக்கில் தம் வேலையைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். மேசை வேலைக்காரருக்குக் கொடுக்கும் அட்டவணை அவருக்குப் பொருந்தாது.

உருவி விடுவது

இதைக் கேலி பேசுகிறவன் நானில்லை. தைலம் போட்டுக் கெண்டைக்காலை நிதானமாக நீவி விட்டால் பிடிப்பு தளர்கிறது, அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. விலையும் குறைவு, ஆளும் தெரிந்தவர். நம் காலைத் தொட்டுப் பார்த்து அரை மணி நேரம் பேசுகிற ஒருவர் எந்தக் கிளினிக்கில் கிடைப்பார்?

ஆனால் உருவுவதால் நரம்புக்கோ தசைக்கோ பலம் ஏறாது. இரண்டு நாள் சுகம், அப்புறம் பழையபடி. அதனால் இதைப் பக்கத்துணையாக வைத்துக்கொள்ளலாம், முழு வைத்தியமாக நம்பக்கூடாது. புதிதாகக் கிழிந்த தசையை முதல் சில நாளில் அழுத்தி உருவினால் உள்ளே இரத்தக்கசிவு கூடும். தொடையில் பலமாக அடிபட்ட இடத்தை அப்படித் தேய்த்தால் தசைக்குள்ளேயே எலும்புபோல் கட்டிப்படவும் வாய்ப்புண்டு. "எலும்பு விலகியிருக்கு, இழுத்து வைக்கிறேன்" என்று யாராவது கணுக்காலைப் பிடித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசியும் மாத்திரையும்

குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசிதான் இந்த வழிகளில் மிக வேகமானது, மிக ஆபத்தானதும் கூட. சில வாரத்துக்கு வலி நன்றாகவே குறையும். அதே மருந்து நரம்பின் திசுவைப் பலவீனப்படுத்தும். குதிநரம்பை ஒட்டிப் போட்டுக்கொண்டு ஓடியவர்களுக்கு நரம்பு அறுந்ததுண்டு, குதிவாதத்துக்குப் போட்டுக்கொண்டவர்களுக்குப் பாதத்து அடித்திசு கிழிந்ததும் உண்டு. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாள்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறும். நம் சமூகத்தில் அந்த நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஓட்டப்போட்டி ஒன்றுக்காக இந்த ஊசியைப் போட்டுக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

வலி மாத்திரை விழுங்கிவிட்டுப் போட்டியில் ஓடுவதும் அதே வகைதான். உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை அடைத்துவிடுகிறோம். நம் ஊர் வெயிலில் வியர்த்து நீர் வற்றிய நேரத்தில் டைக்லோபினாக், இபுபுரூபன் போன்றவை சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

அரசாங்கக் கிளினிக்கா, தனியார் பிசியோவா?

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). டாக்டர் பார்த்து, தேவையென்றால் எக்ஸ்ரேக்கும் பிசியோவுக்கும் எழுதிக் கொடுப்பார். சுங்கை சிப்புட்டிலேயே மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. எலும்பு நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் சுமார் 30 கிலோமீட்டரில் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. அங்கே நிபுணர் பிரிவில் ஐந்து வெள்ளிதான். பணம் இங்கே தடையில்லை, நேரம்தான் தடை. காலையில் எண் எடுத்து உட்கார வேண்டும், அடுத்த தேதி பல வாரம் தள்ளி வரலாம், ஷிப்டு வேலைக்காரருக்கு ஒரு நாள் கூலி போகும். இன்னொரு குறை, கூட்டம் நிறைந்த கிளினிக்கில், "ஓடினால் வலிக்கிறது" என்று சொன்னால், "அப்போது ஓடாதீர்கள்" என்றே பதில் வரலாம். "நான் திரும்ப ஓட வேண்டும், அதற்கு என்ன பயிற்சி செய்யலாம், பிசியோவுக்கு எழுதித் தருவீர்களா" என்று மரியாதையாகவும் தெளிவாகவும் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

தனியார் பிசியோ ஈப்போவில் நிறையப் பேர். மாலையிலும் சனிக்கிழமையிலும் பார்க்கலாம், ஒரு மணி நேரம் முழுசாக உங்களுக்கே. நீங்கள் ஓடுவதைக்கூடப் பார்த்துச் சொல்வார்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், போகும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிசியோக்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், அதையும் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாரம் இரண்டு முறை வரச்சொல்லி, ஒவ்வொரு முறையும் ஜெல் தடவி மெஷினால் தேய்த்து அனுப்புகிற இடமென்றால் காசு வீண். அந்த மெஷினுக்குப் பெரிய ஆதாரம் இல்லை. என் யோசனை: மொத்தம் மூன்று முறைக்குக் காசு ஒதுக்குங்கள். முதல் முறை என்ன கோளாறு என்று கண்டுபிடித்துப் பயிற்சி கற்றுக்கொள்ள, ஒரு மாதம் கழித்துப் பாரத்தைக் கூட்ட, கடைசி முறை வேக ஓட்டத்துக்குத் திரும்பும் முன்பு. நடுவில் செய்ய வேண்டியதெல்லாம் உங்கள் வீட்டில்தான்.

வீட்டுப் படியில்

தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளின் முன்னால் இரண்டு மூன்று சிமெண்டுப் படி இருக்கும். குதிநரம்பு வலிக்கு அதுவே போதும். பாதத்தின் முன்பகுதியைப் படியின் விளிம்பில் வைத்து, குதிகால் வெளியே தொங்க நில்லுங்கள். சுவரை விரல் நுனியால் தொட்டுக்கொள்ளலாம். இரண்டு காலாலும் மேலே எழும்பி, நல்ல காலைத் தூக்கிவிட்டு, வலிக்கிற காலின் குதிகாலை மட்டும் மெதுவாகப் படிமட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். முழங்கால் நேராக ஒரு தடவை, லேசாக மடக்கி ஒரு தடவை என்று இரு விதமாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் 15 எண்ணிக்கை, மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். இது சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்பிரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை. அவர் பார்த்த 15 பேரும் 12 வாரத்தில் பழையபடி ஓடினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் அதற்கு முன்பு இப்படிப்பட்டவர்களை அறுவை சிகிச்சைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வலி நரம்பு எலும்பில் ஒட்டுகிற அடிப்பகுதியில் இருந்தால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் தரைமட்டத்தோடு நிறுத்துங்கள். சுலபமாகிவிட்டால் பள்ளிக்கூடப் பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டையைப் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம்.

தினம் இரண்டு வேளை முடியாது என்கிறவர்களுக்கு மாற்று இருக்கிறது. 2015-இல் டென்மார்க்கில், வாரம் மூன்று நாள் மட்டும் கனமான பாரத்தை மெதுவாகத் தூக்கி இறக்கியவர்களை இந்த முறையோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஷிப்டில் இருக்கிறவர்களுக்கு வாரம் மூன்று நாள்தான் நடைமுறைக்கு வரும் என்பது என் எண்ணம். குதிவாதத்துக்கு அதே படியில், கால்விரல்களுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். 2014-இல் டென்மார்க்கில் சோதித்தபோது, மூன்று மாதத்தில் வெறுமனே பாதத்தை இழுத்து நீட்டியவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். வருடம் முடியும்போது இரு பக்கமும் சமம். அதாவது சீக்கிரம் தேறலாம் என்பதுதான் லாபம்.

ஓட்டத்தை அடியோடு நிறுத்தவும் தேவையில்லை. 2007-இல் சுவீடனில் குதிநரம்பு வலி உள்ள 38 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்தியது, மறு பாதி வலியை அளந்துகொண்டே ஓடியது. இரு பக்கமும் பலப்பயிற்சி செய்தது, இரு பக்கமும் ஒரே அளவு தேறியது. வலி பத்துக்கு ஐந்து வரை போகலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறக்கூடாது என்பதுதான் அங்கே விதி. பக்கத்தில் பிசியோ இல்லாமல் தனியாகச் செய்கிறவர்கள் பத்துக்கு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து எட்டுதான் நம்பகமான அளவுகோல். நேற்றைவிட அது கடினமாக இருந்தால் நேற்று ஓடியது அதிகம்.

எங்கே, எப்படித் திரும்ப ஆரம்பிப்பது?

ஓட்டத்தை நிறுத்தியிருந்தவர்களுக்கு, அரை மணி நேரம் வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகுதான் ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்து தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். அது சிரமமில்லாமல் போனால் ஓட்டத்தை இரண்டு நிமிடமாக்குங்கள்.

இடத்தை அடிக்கேற்ப மாற்ற வேண்டும். குதிநரம்பு வலிக்காரருக்குத் தோட்டத்துச் செம்மண் ஏற்றம் ஆகவே ஆகாது, ஏற்றத்தில் அந்த நரம்பு முழுசாக இழுபடும். அவருக்குச் சமதளமான தார்ச்சாலையே மேல். கணுக்கால் பிசகியவருக்கு லாரித் தடம் விழுந்த மண்சாலையும் மழைக்குப் பிறகு பள்ளித் திடலும் எதிரி. ஒற்றைக் காலில் நின்றபடி முழுசாகப் பல் துலக்க முடிகிறவரை அவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். முழங்கால் சிப்பி வலிக்கு இடத்தைவிட எட்டு வைக்கும் விதம்தான் முக்கியம். அதே வேகத்தில், எட்டைச் சிறிதாக்கி எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் முழங்காலில் விழும் பாரம் குறைகிறது என்று 2011-இல் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். காசே செலவில்லாத வைத்தியம். புதுச் சப்பாத்துக்கு 400 வெள்ளி கொடுக்கும் முன்பு இதைச் செய்து பாருங்கள்.

வாரத்துக்குப் பத்து விழுக்காடுதான் கூட்ட வேண்டும் என்ற பழைய கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2008-இல் நெதர்லாந்தில் 500-க்கு மேற்பட்ட புது ஓட்டக்காரர்களைக் கொண்டு சோதித்தபோது, அப்படிக் கூட்டியவர்களுக்கும் வேகமாகக் கூட்டியவர்களுக்கும் அடிபட்டது ஏறக்குறைய ஒரே அளவுதான். 2025-இல் வந்த இன்னொரு ஆய்வு, 5,000-க்கு மேற்பட்டவர்களின் ஓட்டத்தைப் பதினெட்டு மாதம் தொடர்ந்து பார்த்தது. வாரக் கணக்கைவிட, கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தை ஒரே நாளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் தாண்டுவதுதான் ஆபத்து என்று அது காட்டியது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு, நேற்றுவரை ஆறு கிலோமீட்டர் ஓடியவர் திடீரென்று பன்னிரண்டு ஓடுவது இதில்தான் வரும்.

கட்டிய பணம் போகிறதே என்று அடிபட்ட காலோடு போட்டிக்குப் போகலாமா என்பதற்கும் இதே கணக்கை வைத்துப் பார்க்கலாம். போட்டிக்கு முந்தைய மாதத்தில் நடை கலக்காமல் ஒரு மணி நேரம் ஓடி, மறுநாள் காலை வலியில்லாமல் படியிறங்க முடிந்தவர் பத்து கிலோமீட்டருக்குப் போகலாம். அரை மாரத்தானுக்கு இருபது கிலோமீட்டராவது அப்படி ஓடியிருக்க வேண்டும். முழு மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிட்டு இன்னும் அந்த இடத்துக்கு வராதவர், ஏற்பாட்டாளர்கள் அனுமதித்தால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். அனுமதிக்காவிட்டால் இந்த வருடம் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நின்று நண்பர்களைக் கூப்பிட்டு உற்சாகப்படுத்தட்டும்.